நிற்கிற காரின் பெட்ரோல்

அன்பு பேச்சியம்மாளுக்கு,

நலம்தானே? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?

நான் கார் ஓட்டும் லூர்துநாதன் ஐயா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். "சின்ன வண்டி, லிட்டருக்குப் பதினெட்டு குடுக்கும்னாங்க. பன்னெண்டுதான் வருது. பெட்ரோல வித்துட்டியா?" என்று தினமும் முறைப்பார். நான் வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டேன்.

போன வாரம் மதியம் மறைந்து நின்று பார்த்தேன். ஐயாவே மாற்றுச் சாவியோடு வந்து, வாசலில் நின்ற வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கினார்! எழுப்பி, "பெட்ரோல் இதுலதான் போகுது ஐயா" என்றேன்.

"நிக்கிற வண்டி எப்படிப் பெட்ரோல் குடிக்கும்? ஆளில்லாத வூட்டுல தூக்கம் வரல. நீயும் ஏறு" என்றார்.

இப்போது பக்கத்து சீட்டில்தான் எனக்கும் மதியத் தூக்கம். ஆனாலும் அவருக்கு என் மேல் சந்தேகம் போகவில்லை.

ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். ஏசி குளிர்கிறது. போர்த்திக்கொள்ள நீ கட்டிய சேலை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு.

சுடலைமுத்து