லூயிஸ் சங்கரநாராயணனை எரிக்க வேண்டாம்

அனுப்புநர்:
ச. கார்குழலி (வயது 44),
க/பெ. லூயிஸ் சங்கரநாராயணன் (மறைவு),
மளிகைக் கடை மாடி, விம்கோ நகர்,
திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்:
காவல் துணை ஆணையர் அவர்கள்,
வடசென்னை.

பொருள்: விபத்தில் இறந்த என் கணவரின் உடலைத் தகனத்திற்காக அவருடைய அண்ணனிடம் கொடுக்காமல், கத்தோலிக்க முறைப்படி அடக்கம் செய்ய மனைவியாகிய என்னிடம் ஒப்படைக்க வேண்டுதல் – மிக அவசரம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நாளை காலை என் கணவரை எரிக்க ஏற்பாடாகியிருக்கிறது. அதை நிறுத்தக்கூடியவர் தங்களைத் தவிர வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1. கடந்த ஞாயிறு மாலை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி என் கணவரின் ஸ்கூட்டர் மீது மோதியது. திங்கட்கிழமை மதியம் அவர் இறந்தார். ஓட்டுநர் மீது வழக்குப் பதிவாகியுள்ளது. அது குறித்து இந்த மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை.

2. என் கணவரின் பூர்வீகம் உடன்குடி. இளம் வயதில் தன் அண்ணன் திரு. சிவனணைந்தபெருமாள் அவர்களுடன் சென்னைக்கு வந்து, அண்ணன் வாங்கிய இடத்தில் மளிகைக் கடை நடத்தினார். இந்துக் குடும்பம். வருடம் தவறாமல் குலதெய்வக் கோயில் கொடை விழாவுக்குப் போய்வந்தோம். நானும் இந்துதான். இன்றைக்கும் இந்துதான். அதைத் தாங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

3. ஆதரவற்ற நோயாளிகளைக் கன்னியாஸ்திரீகள் பராமரிக்கும் இல்லம் ஒன்று எண்ணூரில் இருக்கிறது. எங்கள் கடையிலிருந்துதான் அங்கே அரிசி போகும். மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியவர், ஒருநாள் கை அசையாத ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறும் போனார். பிறகு எல்லா ஞாயிறும் போனார். ஞாயிறுதான் கடையில் கூட்டம் அதிகம். தனியாக நின்று திண்டாடிய கோபத்தில், அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். "அங்க போனா மனசு சும்மா கெடக்கு, குழலி. அவ்வளவுதான்" என்றார். அதற்கு மேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

4. அவர் ஞானஸ்நானம் கேட்டபோது பங்குத்தந்தை உடனே சம்மதிக்கவில்லை. ஒரு வருடத்திற்கு மேல் மறைக்கல்விக்கு வரச் சொன்னார். வீட்டிலும் பேசிவிட்டு வரச் சொன்னார். ஆகவே ஆசை காட்டியோ மிரட்டியோ மதம் மாற்றினார்கள் என்று இப்போது சொல்லப்படுவது பொய். என்னிடம் அவர் கேட்டபோது, "நான் வர மாட்டேன். உங்களைத் தடுக்கவும் மாட்டேன்" என்றேன். சென்ற வருடம் ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசையில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ராயபுரம் திரு. ஸ்டானிஸ்லாஸ் ஞானத்தந்தையாக நிற்க, லூயிஸ் என்ற பெயரில் என் கணவர் ஞானஸ்நானம் பெற்றார். கோயிலிலிருந்து தலைகூடத் துவட்டாமல் நேராகக் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. துண்டை எடுத்துக் கொடுத்தேன். அன்று முழுவதும் வந்தவர் போனவரிடமெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தார். இருபது வருடக் குடித்தனத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

5. விஷயம் அறிந்து அவருடைய அண்ணன் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சுவரில் மாலையோடு இருந்த மாமனாரின் படத்தைக் கழற்றி, "இவன் இருக்க கடையில அப்பாவுக்கு என்னல வேலை?" என்று சொல்லி எடுத்துப்போனார். என் கணவர் கார் வரைக்கும் பின்னாலேயே போய் நின்றார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

6. ஞாயிறு இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்கு நினைவு இருந்தது. பங்குத்தந்தை வந்து எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். அதன் பிறகு என் கையைப் பிடித்து, "என்ன எரிச்சுராத. மண்ணுல வை. அண்ணன் கோவப்படுவான், அவன்கிட்ட சண்டை போடாத" என்றார். அப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருந்த செவிலியர் செல்வி சைமா அவர்கள் இதைக் கேட்டார். தாங்கள் விசாரித்தால் எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்வதாக என்னிடம் கூறியிருக்கிறார்.

7. சண்டை போடக்கூடாது என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் இன்று பிரேதப் பரிசோதனை முடிந்ததும், உடலைத் தன்னிடம் கொடுக்கும்படி அவருடைய அண்ணன் எங்கள் பகுதி ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பி புத்தி பேதலித்துப் போனதாகவும், பெண்டாட்டி பிள்ளையே மாறாததால் அவர் மாறியது செல்லாது என்றும் அதில் கண்டுள்ளதாக அறிகிறேன். நாளை காலைக்கு மின்மயானத்தில் நேரமும் வாங்கிவிட்டார்கள்.

8. நான் ஆய்வாளரைப் பார்த்துக் கெஞ்சினேன். அவர் சொன்னது: "நீயே மாறல. அப்புறம் உனக்கு இன்னாம்மா வந்துச்சு? பெரியவரு செய்யுறாரு, உட்டுடு. இத்தப் பெரிசாக்கினா ரெண்டு பக்கமும் ஆளு சேரும், எனக்குத்தான் பேஜாரு."

ஐயா, அவர் முன்னால் எனக்கு அழுகைதான் வந்தது. அவர் கேட்டதற்குப் பதிலைத் தங்களுக்குச் சொல்கிறேன். நான் மாறவில்லை. அவர் மாறியது எனக்குப் பிடிக்கவும் இல்லை. அவர் சுவரில் மாட்டிய சிலுவையை நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை, தூசி மட்டும் தட்டியிருக்கிறேன். ஆனால் அவர் விளையாட்டுக்கு மாறவில்லை என்பதற்கு என்னைவிட வேறு சாட்சி யார்? நான் நம்பாத ஒன்றுக்காகத் தங்கள் முன் வந்து நிற்கிறேன் என்பதையே அவருடைய சொல்லுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

9. ஆய்வாளர் பயப்படுவதுபோல் இங்கே ஆள் சேரவில்லை. பங்குக் கோயிலைச் சேர்ந்த பலர் வருவதாகச் சொன்னார்கள். திரு. ஸ்டானிஸ்லாஸ்தான் தடுத்தார். "கூட்டத்த இட்டுகினு வந்தா அது வேற மாதிரி பூடும்மா. அவரு உன் வூட்டுக்காரு. நீ ஒண்டியா கேளு" என்றார். அவர் சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நிற்கிறார். உடல் என்னிடம் வந்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவதாகப் பங்குத்தந்தை உறுதியளித்திருக்கிறார். ஆனால் காவல்துறை கொடுக்காமல் கோயில் தலையிடாது என்கிறார். அதையும் நான் குறை சொல்லவில்லை.

10. இந்த மனுவைக் கொடுத்த பிறகு எனக்கு என்ன நேரும் என்பதும் தெரியும். நான் பிடிவாதம் பிடித்தால் மாதக் கடைசிக்குள் கடையையும் மாடியையும் காலி செய்ய வேண்டும் என்று நாத்தனார் மூலம் சொல்லியனுப்பிவிட்டார்கள். என் மகள் சுஜாவுக்குச் சொந்தத்தில் யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். அவளிடம் இதை மறைக்காமல் சொன்னேன். "அப்பா கேட்டதக் குடும்மா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். இப்போது பிணவறைக் கதவருகே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். உடலோடு வண்டி வெளியே வந்தால் குறுக்கே படுத்துவிடுவதாகச் சொல்கிறாள். கல்லூரியில் படிக்கிற பெண், ஐயா. அவள் அப்படிப் படுக்கும் நிலை வரக்கூடாது என்றுதான் ஓடிவந்து இதை எழுதுகிறேன்.

11. அண்ணன்மீது நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. இன்று பிணவறை வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததைப் பார்த்தேன். தம்பியைத் திரும்பவும் தன்னுடையவனாக ஆக்கிக்கொள்ள இது ஒன்றுதான் வழி என்று நினைக்கிறார். அவர் அடக்கத்துக்கு வரட்டும். முதல் பிடி மண்ணை அவரே போடட்டும். வீட்டில் அவர் முறைப்படி என்ன செய்தாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஆகவே, உடலை என் கையெழுத்தின்றி வேறு எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்று இன்றே ஆய்வாளருக்கும் பிணவறைப் பொறுப்பாளருக்கும் உத்தரவிட்டு, அடக்கத்திற்கு ஒரு காவலரையாவது பாதுகாப்புக்கு அனுப்பும்படி தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

முழுதாக விசாரிக்கத் தங்களுக்கு நேரம் தேவை என்றால், விசாரித்து முடிக்கும்வரை உடல் குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும். நான் வாசலில் காத்திருக்கிறேன். மண்ணில் வைத்தபின் நான் சொன்னது தவறென்று தெரிந்தால், தோண்டி எடுத்து எரித்துக்கொள்ளலாம். எரித்தபின் அண்ணன் சொன்னது தவறென்று தெரிந்தால், என்னிடம் எதைக் கொடுப்பீர்கள்?

இப்படிக்கு,
ச. கார்குழலி
(இறந்தவரின் மனைவி)

நாள்: 18.11.2025, செவ்வாய்க்கிழமை
இடம்: சென்னை