சிப்பி கிழிக்காத கால்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நான் பார்த்தது உன் நடையைத்தான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு பெண், பாதத்தைத் தூக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து ஏரிக்குள் இறங்கினாள். சுற்றுலா வருகிறவர்கள் அப்படி இறங்க மாட்டார்கள். குதித்துக்கொண்டு போய், அடியில் கிடக்கும் சிப்பியில் காலைக் கிழித்துக்கொண்டு, பஞ்சு கேட்டு வருவார்கள். தேய்த்து நடந்தால் சிப்பி புரண்டு விலகிவிடும் என்பது இந்தக் கரையில் வேலை செய்கிற நாலைந்து குடும்பங்களுக்குத்தான் தெரியும். நமக்கு அம்மா கற்றுக்கொடுத்தாள். நீ எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டாய், இதை மட்டும் மாற்ற மறந்துவிட்டாய்.

நாங்கள் நலம். நீ போன் நம்பரை மாற்றிவிட்டதால் உன் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். உறையின் மேல் யார் அனுப்பியது என்று போடவில்லை, பயப்படாதே.

இந்தக் கோடையில் கூட்டம் அதிகம். கரைக்குப் புது மணல் கொட்டியிருக்கிறார்கள். மிதக்கிற டியூப்புக்குக் காற்றடிக்கிற மோட்டார் கெட்டுக் கிடப்பதால் கைப்பம்பில்தான் அடிக்கிறேன். பெரியதா, சின்னதா என்று விரலால் காட்டினாலே வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள், பேச வேண்டியதே இல்லை. முதலாளி என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுகிறார். நீ படிக்கப் போனபோது, உன் இடத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று நான் ஒன்பதாவதோடு நின்றேன். ஒரு வருஷம்தான் என்று சொன்னாய். சரி, அதை விடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வேண்டுமென்று வரவில்லை என்று நினைக்கத்தான் பார்த்தேன். கட்டிக்கொள்ளப் போகிற வீட்டார் எந்த ஏரி என்று சொல்லாமல் வேனில் ஏற்றியிருக்கலாம். ஆனால் சாலைத் திருப்பத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும். தலைவலி என்று வேனிலேயே உட்கார்ந்திருக்கலாமே. நீ இறங்கினாய். கால் நனைத்துவிட்டு, நீந்துவதற்கு உடை மாற்ற அம்மா காவல் இருக்கிற அறைக்கே வந்தாய். சாவியை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்ங்க" என்றாய். அம்மா உன்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு, "உள்ள கொக்கி லூசா இருக்கும். அழுத்திப் போட்டுக்கங்க" என்றாள். பெற்ற மகளிடம்! நான் டியூப் குவியலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ மிதவைக் கயிறு வரைக்கும் நீந்திப் போயிருந்தாய். அந்த வீட்டுக் கடைசிப் பெண் சிப்பியை மிதித்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள். உன் மாமியாராகப் போகிறவர் பின்னாலேயே ஓடி வந்தார். அம்மா அந்தப் பெண்ணைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்து, காலை மடியில் தூக்கிவைத்துக் கழுவினாள்.

உன் மாமியார் நல்ல மாதிரி, ஆனால் வாய் ஓயவில்லை. "உனக்கு மட்டும் எப்படிடி அடிபடுது? உங்க அண்ணியப் பாரு, ஒரு கீறல் இல்லாம, தண்ணியிலேயே பொறந்தவ மாதிரி போறா" என்று மகளைத் திட்டினார். அப்புறம் அம்மாவிடம், "என் மகனுக்குப் பேசி முடிச்ச பொண்ணுங்க. பாவம், தாய் தகப்பன் இல்லாதது. தானா படிச்சு மேல வந்திருக்கு" என்றார்.

அம்மா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "அம்மா எப்படிப் போனாங்களாம்?" என்று கேட்டாள்.

"ஏதோ காய்ச்சலாம். இவ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒருத்தரும் இல்லைங்க."

அப்போது அம்மா என்னைப் பார்த்தாள் அக்கா. அதை எனக்கு எழுதத் தெரியவில்லை. பிறகு காயத்துக்குக் கட்டிய துணியை இழுத்து முடிச்சுப் போட்டாள். "நல்ல பொண்ணாத் தெரியுது. பாத்துக்கங்க" என்றாள்.

உன் மாமியார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் கல்யாணம், நீங்கள் அவசியம் வர வேண்டும், இந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று என்னைக் காட்டிச் சொல்லி, தன் போன் நம்பரையும் கொடுத்தார். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

வேன் போன பிறகு அம்மா அறைகளைக் கழுவிவிட்டாள். நடுவில் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "காய்ச்சல்ல போனேனாம்டி. நல்லவேளை, ஏரியில முங்கிச் செத்தேன்னு சொல்லல. இந்தக் கரையில ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான்" என்றாள். நானும் சிரித்தேன். அவள் நிறுத்தவே இல்லை, அதனால் நான் நிறுத்திவிட்டேன்.

"அவளுக்கு ஒண்ணும் எழுதாத. நல்லா இருக்கட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் மறுநாளிலிருந்து பெட்டியில் இருக்கிற ஒரே நல்ல புடவையை எடுத்து வெயிலில் போடுகிறாள். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான், பூச்சி அரிச்சிரும்ல" என்கிறாள். சாயங்காலம் மடித்து உள்ளே வைத்துவிட்டு, காலையில் மறுபடியும் எடுக்கிறாள்.

நீ அந்த வீட்டில் நன்றாக இரு. உன்னைக் கெடுக்க நினைத்திருந்தால் அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை போதும். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். கல்யாணத்தன்று அம்மா கடைசி வரிசையில்தான் உட்காருவாள். பக்கத்தில் இருப்பவர்கள், நீங்கள் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு அவளைப் பதில் சொல்ல விட்டுவிடாதே அக்கா.

இன்று காலை டியூப்புகளை அப்படியே போட்டுவிட்டு, உன் மாமியாருக்கு நானே போன் செய்தேன். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம் என்று சொன்னேன்.

இப்படிக்கு,
தங்கை