கடைக்கு வந்த சீர் டிவி

அல்சூர்,
பெங்களூரு.

அன்பு மகள் தர்ஷினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பு அளவில் சுகம். அந்த டப்ளின் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று சோமேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் நம்பிவிடுவேன், இத்தனை நாள் அப்படித்தானே நடந்தது.

பழைய டிவி வியாபாரம் பரவாயில்லை. ஒக்கலிபுரத்தில் நம் கடை வரிசையிலேயே இன்னும் இரண்டு பேர் ஆரம்பித்துவிட்டார்கள், ஆனாலும் வாங்கியவர் வீட்டுக்குப் போய் சுவரில் மாட்டி, வயரெல்லாம் இணைத்து, படம் வந்த பிறகு கிளம்புகிறவன் நான் ஒருவன்தான். போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த நோயல் கெட்டிக்காரன், வீடு காலி செய்கிறவர்களிடம் டிவி எடுத்து வருவது அவன் வேலை. போன செவ்வாய்க்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஃபோன் செய்து, ஐம்பத்தைந்து இஞ்ச், ஃபோர் கே, ஒரு கீறல்கூட இல்லை என்றான். விற்கிறவர் அவசரத்தில் இருந்தால் இன்னும் குறைத்துக் கேள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சாயந்திரம் கடையில் கொண்டு வந்து இறக்கினான். பிளக்கில் போட்டேன், படம் அவ்வளவு தெளிவு. செட் டாப் பாக்ஸை இணைத்துப் பார்க்கலாம் என்று பின்பக்கம் திருப்பினால் ஓரத்தில் மூன்று குங்குமப் பொட்டு. உன் கல்யாணச் சீருக்கு டிவி எடுத்த அன்று அம்மா பொட்டு வைக்க வந்தாள், பேனலில் கை பட்டால் தெரியும் சேதி என்று நான் போட்ட சத்தத்தில் பின்பக்கம் வைத்தாளே, அதுதான். எந்த வீட்டிலும்தான் பொட்டு வைப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இன்னும் குனிந்து பார்த்தேன். எச்டிஎம்ஐ போர்ட் பக்கத்தில் வெள்ளை டேப், அதில் என் கையெழுத்து: தர்ஷினி, செட் டாப் பாக்ஸ் வயர் இதில்தான். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன் மகளே.

விற்றது யார் என்று நோயலைக் கேட்டேன். அவனுக்கு நம் மாப்பிள்ளையைத் தெரியாது, அவன்மேல் தப்பில்லை. "யாரோ ஹரிஷ்குமாராம்ண்ணா, ஜாஸ்தி பேசல. மிஸ்ஸஸ் ஃபாரின்ல இருக்காங்க, இனிமே வரமாட்டாங்க, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போன்னாரு" என்றான். உடனே மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "கோர்ட்ல எல்லாம் முடிஞ்சுடுச்சு மாமா, வீட்ல நானே சொல்லிக்கிறேன்னு தர்ஷினி சொன்னா, அதான் நான் சொல்லல" என்றார். போன தீபாவளிக்கு உன் அம்மா அதிரசமும் முறுக்கும் சுட்டு, இரண்டு பஸ் மாறி அவருக்குக் கொண்டு போனாள். பெயின்ட் வேலை நடக்கிறது அத்தை என்று கேட்டிலேயே வாங்கிக்கொண்டாராம். மாப்பிள்ளை இளைத்துவிட்டார், பாவம் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்று அவள் புலம்பியபோது நீ வீடியோவில் இருந்தாய். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாயே. எனக்குக் கோபமும் வருகிறது, மறைக்க மாட்டேன். ஆனால் லீவில் வந்திருந்தாயே, ஒரு நாள் ஆபீஸ் வேலை என்று காலையில் தனியாகக் கிளம்பிப் போய், சாயந்திரம் வந்து பசிக்கிறது, தோசை வேண்டும் என்றாயே, அந்த நாளா அது? கோர்ட்டில் துணைக்கு யாராவது இருந்தார்களா? எங்கே உட்கார்ந்து அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாய்? இரண்டு தோசைக்கு மேல் வேண்டாம் என்றதற்கு உன்னைக் கிண்டல் செய்தேனே, பாவி நான்.

மறுநாள் ஒருவர் கடைக்கு வந்தார். பெண்ணுக்குச் சீர் கொடுக்க வேண்டும், புதிது வாங்க வசதியில்லை என்று இதையே காட்டிக் கேட்டார். பேனலில் கோடு விழுகிறது என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல டிவியைக் கெட்டது என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. கடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வீட்டுக்கே எடுத்து வந்தேன். அம்மா பின்பக்கம் பார்த்தாள், எல்லாவற்றையும் சொன்னேன். "சீர் வந்துடுச்சு. என் பொண்ணு எப்ப வருவா, அதைக் கேட்டு எழுதுங்க" என்றாள்.

ஊர் என்ன பேசும் என்று பயந்திருந்தால், ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன். லீவு கிடைத்ததும் வா. சொல்ல இஷ்டமில்லாததைச் சொல்ல வேண்டாம், அம்மா தோண்டித் துருவினால் நான் அதட்டுகிறேன். சளி பிடித்தால் வெந்நீரே குடி. இது கைக்குக் கிடைத்ததும் அம்மாவுக்கு ஃபோன் செய்ய மறக்காதே, அழுகை வந்தால் அழு, அவள் ஃபோனை வைக்க மாட்டாள்.

கல்யாணமான பெண்ணுக்கு எழுதினால் மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான் ஆசி எழுதுவது. கை தன்பாட்டுக்கு உங்கள் இருவருக்கும் என்று எழுதிவிட்டது. மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேனே, அது அதுதான், வேறொன்றும் நினைக்காதே.

தர்ஷினி, உனக்கு என் ஆசிகள். நீ ஒருத்தியாக இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா
உத்தமன்