சொல்லிக்கொள்ளாமல் எழுந்தது

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். ஒரே ஒருவர் சொன்னதை நம்பி, "உன் கணவர் இறந்துவிட்டார்" என்று ஒரு பெண்ணிடம் சொல்லலாமா? தெரியவில்லை. மாணவர்களின் ஆய்வேட்டில் ஒற்றைச் சாட்சியத்தைச் சிவப்பு மையால் அடிப்பவள் நான்.

நான் எழுதும் சிறைக் கலவர நூல், நான்காம் இயல். மருந்து கிடைக்காமல் ஒரு கைதி சாக, மற்றவர்கள் அறைக்குத் திரும்ப மறுத்தது. கூரையேறியது. தடியடி, துப்பாக்கிச் சூடு. அதுவரை தெளிவு. பிறகு ஒரே குழப்பம். அரிமளம் சேகர் என்ற கைதி, விசாரணை அறிக்கையில் 'தப்பியோடியவர்'. பதினெட்டு வருடமாக அப்படியே.

நேற்று குன்றாண்டார்கோவிலில் பார்த்தவர் சேகரோடு ஒரே அறையில் இருந்தவர். டீக்கடை வாசலில் சொன்னார்: "அவரு ஓடலைங்க மேடம். சமையக்கட்டுக்குப் பின்னால குண்டடி பட்டுக் கெடந்தாரு. எம் மடியிலதான் உசுரு போச்சு. அவுங்க வீட்டுக்குப் போக எனக்குக் காலு வரலை. நீங்க படிச்சவங்க, பக்குவமாச் சொல்லுவீங்க."

பக்குவம்!

அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டருக்கும் சொல்லவேண்டும்.

மார்ச் 5, புதன்

அரிமளம். பஸ்ஸில் நின்றபடியே. சேகரின் மனைவி பாக்கியம், ஜாக்கெட் தைக்கிறார். நெற்றியில் பெரிய குங்குமம். கூட சேகரின் தங்கை செல்வி.

"எங்கண்ணன் போலீசுக்கே தண்ணி காட்டுன ஆளு டீச்சர். அங்கிட்டுக் கேரளாப் பக்கம் இருக்கும்" என்றார் செல்வி.

"ஆமா, ஒங்கண்ணன் எவ கையில சோறு திங்குதோ. வரட்டும், வாசல்லயே நிக்க வெச்சுக் கேக்குறேன்" என்றார் பாக்கியம்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கடைசியாகச் சிறைக்கு மனு போட்டுப் பார்த்தது எப்போது, என்ன பேசினார். எல்லாம் கேட்டேன். சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. இன்னொரு சாட்சி கிடைக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம்.

பையை எடுத்தேன், எழுந்தேன், படி இறங்கினேன். செருப்பை மாட்டும்போது செல்வி: "என்ன டீச்சர், போயிட்டு வாரேன்னு சொல்லாமப் போறீங்க? இது என்ன எழவு வீடா?"

விளையாட்டாகத்தான். 'மறந்துட்டேன்' என்றிருக்கலாம். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுபோலவே எழுந்து வந்திருக்கிறேன். இனிமேல் 'போயிட்டு வாரேன்' என்று சொன்னாலும் பொய்.

தையல் மிஷின் நின்றது. பாக்கியம் என்னையே பார்த்தார். "செல்வி, சும்மா இரு."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 6, வியாழன்

முதல் வகுப்பு முடிந்ததும் பாக்கியத்தின் போன்.

"யாரு பாத்தது டீச்சர்?"

சொன்னேன். முழுவதும். ஒருவர் சொன்னதுதான், உறுதி இல்லை என்றும் சேர்த்தேன். அந்த நேரத்திலும்.

"மடியிலயா?"

"ஆமாம்."

பிறகு, "அன்னைக்கு வளர்பிறையா தேய்பிறையா? திதி குடுக்கணும்ல. பதினெட்டு வருசமா அவரைப் பட்டினி போட்டுட்டேனே."

ஆண்டு, மாதம், தேதி தெரியும். திதி தெரியாது. பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். செல்போனில் தேடி, திரும்பக் கூப்பிட்டேன். செல்வி எடுத்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"தேய்பிறை நவமி. ஐப்பசி" என்றேன்.

பின்னால் பாக்கியத்தின் குரல்: "நல்லாக் கேட்டு எழுதுடி. தப்பாப் போயிரப் போவுது."

இரண்டு முறை சொன்னேன். எழுதிக்கொண்டார்.