அம்மாவும் உன் ஊருக்கு வந்துவிட்டாள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் சுகமாயிருப்பாய். அம்மா எப்படி இருக்கிறாள் என்பதை மட்டும் நீதான் எனக்கு எழுத வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து அவள் உன் ஊரில்தான் இருக்கிறாள். உன்னிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன், போனில் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆமாம்மா, வேலைக்குத்தான். ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். போன வாரம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "திங்கட்கிழமை கிளம்புறேன், ஹாஸ்டல்ல இடம் சொல்லியாச்சு" என்றாள். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இந்த வயசில் பெட்டி கட்டுவாள் என்று யார் கண்டார்கள். இங்கே நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யும் டாக்டர் போனதும் மயக்க மருந்து டாக்டரும் போனார், தியேட்டரைப் பூட்டி இவளை வாசலில் சீட்டு எழுத உட்காரவைத்தார்கள், அதெல்லாம் தெரியும், ஆனால் இப்படி முடியும் என்று தெரியாது. "சும்மா இருந்தே கை மரத்துப்போச்சுங்க, இன்னும் கொஞ்ச நாள் போனா கத்திரிக்கோல் எடுத்துக் குடுக்கவே பயம் வந்துரும்" என்றாள்.

அவளை விடாதீர்கள் என்று சொல்ல நேரே ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் போனேன். அவர் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "நானும் மாசக் கடைசியில கிளம்புறேன் சார்" என்றார். வந்த காரியத்தை மறந்து, பெட்டிக்குக் கயிறு கட்ட ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அம்மாவிடம் கத்தினேன். "பொண்ணு போனப்போ தெருவுக்கே ஸ்வீட் குடுத்தீங்க, நான் போறப்போ மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறீங்க" என்று கேட்டாள். நானே பஸ் ஏற்றிவிட்டேன். என்னையும் கூப்பிட்டாள், நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்க்க மிஞ்சியிருப்பது நானும் இன்னொருத்தரும்தான், எப்படி வருவேன்.

நேற்றுக் காலை பக்கத்துத் தெரு தையல்காரர் வயிற்றுவலியில் துடிக்கும் மனைவியோடு வந்தார், ஆஸ்பத்திரிக்கு முன்னால் நம் வீட்டுக்கு வருவதுதானே எல்லோருக்கும் வழக்கம். அம்மா ஊரில் இல்லை என்றேன். நான் ஒளித்துவைத்திருப்பதுபோல என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். வண்டி பிடித்து அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், குடல்வால் வீக்கம், இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார்கள். பிழைத்துக்கொண்டாள்.

நீ வேளைக்குச் சாப்பிடு, அம்மாவையும் சாப்பிடவை. இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போய் அவளைப் பார். திரும்பிப் போகச் சொல்லாதே. தையல்காரர் மனைவி விஷயத்தை மறந்தும் வாயில் விடாதே, காதில் விழுந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறி இங்கே வந்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா