அமெரிக்கா தரவேண்டிய அரை மணி

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

திருவுக்குப் பல் பிடுங்கியிருக்கிறார்கள். வலது கடைவாய்ப் பல். போன வெள்ளிக்கிழமை. எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அதுவும் அவர் தங்கை துசியந்தி போனில், "அண்ணைக்கு வீக்கம் வத்திட்டுதோ அண்ணி?" என்று கேட்டதால். ஓம் ஓம், வற்றிவிட்டது என்று அவர்கள் இலங்கைப் பாணியிலேயே கூசாமல் சொன்னேன். ஒரே கட்டிலில் படுக்கிறோம். நாலு நாளாகப் புருஷன் வாயில் ஒரு பல் இல்லை, பெண்டாட்டிக்குத் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? விடிவதற்கு முன்னால் பஸ் ஓட்டக் கிளம்பிவிடுகிறார். மதியம் அவர் வீட்டுக்கு வரும்போது நான் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் போகும் ரயிலில் இருப்பேன். நியூயார்க் சந்தை மூடும்வரை நான் ஆபீஸில் இருந்தாக வேண்டும். அங்கே மாலை நாலு, இங்கே இரவு ஒன்பது. கணக்கை அனுப்பிவிட்டு மனோர் பார்க் வீட்டுக்கு வந்து சேரப் பத்து ஆகிவிடும். அவர் ஒன்பதரைக்கே படுத்துவிடுவார். சனி ஞாயிறிலும் பஸ்தான், வந்ததும் தூக்கம்; லீவு நாளென்றால் தூங்கியே தீர்ப்பார்.

போன மாதம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டது பாலைப் பற்றித்தான். முடிந்ததா, வாங்கியாச்சா. இப்படியே போனால் ஒருநாள் யாரோ ஒருவர் வீட்டில் யாரோ ஒருத்தி குடியிருப்பது போல ஆகிவிடும். பயமாக இருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

பக்கத்து மேசை சேஷாத்ரி ஒரு செய்தி சொன்னார். "அமெரிக்கால கோடை நேரத்தையே வருஷம் பூரா வெச்சுக்கலாம்னு ஒரு சட்டம் கொண்டுவரப் பாக்கறாங்க மேடம். அது பாஸானா, குளிர்காலத்துல நாம மட்டும்தான் கடிகாரத்தை ஒரு மணி பின்னால தள்ளுவோம், அவங்க தள்ள மாட்டாங்க. நியூயார்க் நமக்கு எட்டு மணிக்கே மூடிடும்."

எட்டுக்கு மூடினால் ஒன்பதுக்கு வீடு. அவர் படுப்பதற்கு அரை மணி இருக்கும். குளிர்காலம் முழுக்க, தினமும். வாஷிங்டனில் யாரோ கை தூக்கினால் நான் என் புருஷனோடு உட்கார்ந்து சாப்பிடலாம்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ரயிலில் அந்தச் செய்தியைத் தேடிப்பிடித்துத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இங்கே இன்று கடிகாரம் பின்னால் போனது. அமெரிக்காவில் அடுத்த ஞாயிறுதான். அதுவரை நியூயார்க் எட்டுக்கே மூடும், ஒரு வாரம் இனாம்.

அக்டோபர் 27, திங்கள்

ஒன்பதுக்கு வீட்டில் இருந்தேன். அடுக்களையில் நின்றபடியே புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுப் போனார். "என்ன, வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

இல்லை, இந்த வாரம் மட்டும் இப்படி என்றேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். என்ன பேசுவது? "பால் முடிஞ்சுது" என்றார். "வாங்கியாச்சு" என்றேன். பிறகு, "வாயைத் திறங்க, பார்க்கலாம்" என்றேன். திறந்து காட்டினார். பாவமாக இருந்தது.

அக்டோபர் 29, புதன்

போச்சு. செனட்டில் அந்தச் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றப் பார்த்தார்களாம். ஒருவர் எழுந்து முடியாது என்றாராம், அவ்வளவுதான். குளிர்காலத்தில் வெகுநேரம் விடியாது, பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போக வேண்டிவரும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் இன்றைக்கு யாருடைய நியாயமும் எனக்கு வேண்டாம்.

சாப்பிடும்போது அழுதுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அமெரிக்காக்காரன்ர மணிக்கூட்டுக்கு நீர் ஏன் அழுறீர்?" பத்து வருஷமாக என்னை இப்படி 'நீர்' என்றுதான் கூப்பிடுகிறார். எங்கள் திருச்சியில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியை இப்படி மரியாதையாகக் கூப்பிட மாட்டான். அதைக் கேட்டதும் அழுகை இன்னும் கூடிவிட்டது.

"அழாம என்ன பண்ணச் சொல்றீங்க? ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுது. அப்புறம் மார்ச்ல மறுபடி மணி மாத்தும்போதுதான் உங்க முகத்தையே பார்ப்பேன். உங்களுக்கென்ன, காலை ஷிப்ட்தானே பிடிக்கும்!"

கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "பிடிக்குமெண்டு நான் எப்ப சொன்னனான்? நீர்தான் அந்த வேலையை விரும்பி எடுத்தனீர். இரவில பிந்தி வாற உமக்குக் காலமை நானும் இல்லாமல் வீடு அமைதியா இருந்தால் நித்திரைக்கு நல்லமெண்டு நினைச்சன்."

சொல்லவில்லைதான். நானும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. நான் இந்த வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் — கடவுளே, ஒன்றரை வருஷம்! இதற்கு நான் வாஷிங்டன் செனட்டை நம்பிக் கிடந்திருக்கிறேன்.

"பின்னேர ஷிப்ட் கேட்டுப் பாக்கிறன்," என்றார். பின்னேரம் என்றால் சாயங்காலம். "ஆராவது மாறினால் ஏலும். காலமையாவது ரெண்டு பேரும் வீட்டில நிக்கலாம்." ஒன்பதரை எப்போதோ தாண்டிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

அமெரிக்காவிலும் மாற்றிவிட்டார்கள். பழையபடி பத்து மணி. தூங்கிவிட்டார். ஆனால் ஹால் விளக்கை எனக்காக எரியவிட்டிருந்தார்.

டிசம்பர் 19, வெள்ளி

டிப்போவில் யாரும் மாற வரவில்லை. இந்தக் குளிரில் விடியற்காலை பஸ்ஸை யார் கேட்டு வாங்குவார்கள்? கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நானும் ஆபீஸில் பகல் வேலை கேட்டேன். இப்போதைக்கு இல்லையாம்.

பிப்ரவரி 11, 2026, புதன்

சந்தை மூடுவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. "பிரீத்தா, எங்கட டிப்போ செபஸ்தியாம்பிள்ளை அண்ணை என்னோட மாறுறாராம். பின்னேரம் பேரனைப் பள்ளிக்கூடத்தால கூட்டி வர ஆள் வேணுமெண்டு மகள் சொல்லிப்போட்டாவாம். மார்ச் முடிவில இருந்து எனக்குப் பின்னேர ஷிப்ட்."

பாத்ரூமில் போய் நின்று மறுபடியும் கேட்டேன். அப்பாடா. செபஸ்தியாம்பிள்ளையின் மகள் நன்றாக இருக்கவேண்டும், முகம் தெரியாத மகராசி.

மார்ச் 9, திங்கள்

நேற்று அமெரிக்காவில் கடிகாரம் முன்னால் போய்விட்டது. இங்கே மாற்றும்வரை மூன்று வாரம் எட்டு மணிக் கணக்குதான். சேஷாத்ரி கேட்டார்: "அந்தச் சட்டம் என்ன ஆச்சுன்னு பார்த்தீங்களா மேடம்?"

பார்க்கவில்லை. மறந்தே போய்விட்டேன்.

மார்ச் 30, திங்கள்

மதியம், ரயிலில் எழுதுகிறேன். நேற்று இங்கேயும் கடிகாரம் முன்னால் போனது. நியூயார்க் இன்று மறுபடி ஒன்பது மணிக்குத்தான் மூடும். மூடட்டும். அவருக்கு இன்றிலிருந்து பின்னேர ஷிப்ட்.

காலையில் எழுந்தபோது பக்கத்தில் ஆள் இருந்தது. அடுக்களையில் நல்ல வெயில். மைக்ரோவேவின் மணியை யார் மாற்றுவது என்று பெரிய சண்டை. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அது சூடாகத்தான் ஆரம்பிக்கிறது. "நீர் குழப்பிப்போட்டீர்" என்று அவர் கத்த, "இங்க இருந்திருந்தாத்தானே உங்களுக்குத் தெரியும்" என்று நான் கத்த, தோசை கருகியது. முகத்துக்கு நேராகச் சண்டை போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

கருகாத தோசையை அவர் தட்டில் போட்டேன். ஒரு வாய் வைத்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "இடப்பக்கமும் ஒண்டு குத்துது. நேற்றையில இருந்து."

நாளைக் காலைக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். நானும் கூடப் போகிறேன். துசியந்திக்கு இன்னும் தெரியாது.