கேமரா திறக்காத இலக்கியா

ஜூன் 9, 2025, திங்கள்

எங்கள் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளுக்கு இன்றும் ஆன்லைன் சந்திப்பு நடத்தினேன். வீட்டிலிருந்து ஏதாவது ஒன்றைக் கேமரா முன்னால் கொண்டுவந்து பேசச் சொன்னேன். அரும்பாவூர் சக்தி ஆட்டுக்குட்டியையே தூக்கி வந்துவிட்டான். ஒரே சிரிப்பு. ஜெயங்கொண்டம் இலக்கியா மட்டும் வழக்கம்போல் கேமராவைத் திறக்கவில்லை. சாட்டில் ஒரே கேள்வி: 'லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் யார்?'

ஜூன் 12

இரண்டு பேர் சேர்க்கையை ரத்து செய்துவிட்டு வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். "மலர்கொடி, மீட்டிங்குக்குள்ள வேற காலேஜ் ஆளு யாரோ பூந்திருக்காங்க. கண்டுபிடிம்மா" என்றார் அட்மிஷன் ஆபீஸ் தலைவர் வேணுகோபால் சார்.

இலக்கியாதான் நினைவுக்கு வந்தாள். படிக்க வருகிறவள் பாடத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கமாட்டாளா? எப்போதும் ஹாஸ்டல் கேட் பற்றி, வார்டன் பற்றி— இவள் மாணவிதானா?

ஜூன் 16

க்விஸ் நடுவில் இலக்கியாவின் மைக் திறந்துகொண்டது. ஓர் ஆணின் இருமல். "இத எப்புடி அமுக்குறது?" என்று ஒரு குரல். உடனே மூடிக்கொண்டது.

பொம்பளப் புள்ளைங்க மொகம் காட்டிப் பேசுற எடத்துல எவன் இவன்?

ஜூன் 17

சேர்க்கையின்போது கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசினேன். இலக்கியாவின் அப்பா செல்லப்பன் எடுத்தார். முந்திரித் தோப்புக்காரர். எதையும் மறைக்கவில்லை.

"ஆமாங்க, நாந்தான். லிங்க் என் போனுக்குத்தானே வருது? பொண்ணுக்குத் தெரியாது. எங்க அக்கா பொண்ண இப்படித்தான் ஹாஸ்டல்னு சொல்லிட்டு, கடை மாடியில தங்க வச்சாங்க. பாதியில வூட்டுக்கு வந்துட்டா. நீங்க வெளையாட்டு வைக்கிறீங்க, சிரிக்கிறீங்க. வார்டன் யாருன்னு கேட்டா மட்டும் ஏங்க வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க?"

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. யார் வார்டன்?

ஜூன் 18

சாரிடம் கேட்டேன். "வருவாங்க, வருவாங்க. நீ க்விஸ்ஸ பாரு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நேரே ஹாஸ்டல் கட்டடத்துக்குப் போனேன். மாடியில் இன்னும் சாரம் பிரிக்கவில்லை. ஜன்னல்களுக்குக் கதவில்லை. கேட் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு தகரம் சாய்த்திருக்கிறது. அடுத்த மாதம் பிள்ளைகள் தங்கப்போவது இங்கேயா? நான் யாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்?

ஜூன் 23

இன்றைய சந்திப்பில் விளையாட்டு எதுவும் வைக்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு ஹாஸ்டலுக்குள் நடந்தேன். தகரம், சாரம், எல்லாவற்றையும் காட்டினேன். "வார்டன் இன்னும் போடல" என்று நானே சொன்னேன். சாட்டில் கேள்விகள் கொட்டின. ஒருவரும் பாதியில் வெளியேறவில்லை.

ஜூன் 24

"ஒன்ன யாரு அந்தப் பக்கம் போகச் சொன்னா?" சார் கத்தியது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. வேலை போய்விடும் போலிருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 30

வேலை போகவில்லை. பெற்றோர்கள் திரண்டு வந்து தாளாளரைப் பார்த்தார்கள். கட்டடத்தில் ஆட்களைக் கூட்டியிருக்கிறார்கள். வகுப்பு ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகிறது.

"அவ்ளோ அக்கறைன்னா நீயே வார்டனா இரு" என்றார் சார். தண்டனையாகத்தான் சொன்னார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 4

இலக்கியா வந்துவிட்டாள். சத்தமாகச் சிரிக்கிற பெண். செல்லப்பன் புதுக் கேட்டை மூடித் திறந்து, மறுபடி மூடிப் பார்த்தார். என்னையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். "போயிட்டு வரேங்க" என்று கிளம்பினார்.

சாயங்காலம் கேட்டைப் பூட்டப் போனால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். ஜெயங்கொண்டம் பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. ஏறவில்லை.

"பஸ் போயிடுச்சேங்க?"

"அடுத்ததுல போய்க்கிறேன். நீங்க பூட்டுங்க."

பூட்டினேன். அவர் கண்ணுக்குத் தெரியும்படி இழுத்தும் காட்டினேன்.

இதை எழுதும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. இன்னும் நிற்கிறார்.